அயர்லாந்து ஃப்ரீஹோல்டர் பதிவேட்டில் ஒரு பெயர் கிடைத்தது, அந்த வரியை எப்படிப் படிப்பது?

டொராண்டோ_மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்து வம்சாவளி இழைகளில் என்னைப் பார்த்திருப்பீர்கள். இந்த முறை விஷயம் வேறு. என் வீட்டுக்காரரின் ஆட்கள் ஐரிஷ் வழி. கௌன்டி டவுனில் இருந்து (டவுன் என்பது மாவட்டத்தின் பெயர், நகரம் இல்லை) ஒன்டாரியோவுக்கு வந்தவர்கள் என்பதைத் தவிர வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. குடும்பப் பெயரைப் பொதுவில் போடாதே என்று அவர் சொல்லிவிட்டதால் மூதாதையை ஜேம்ஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வட அயர்லாந்து ஆவணக் காப்பகத்தின் தளத்தில் ஃப்ரீஹோல்டர் பதிவேடு என்று ஒரு தேடுபொறி இருக்கிறது. காசு இல்லை. பெயரைப் போட்டால் பழைய பக்கத்தின் படமே வருகிறது. அதில் எங்கள் ஜேம்ஸ் இருக்கிறார். 1790-ம் ஆண்டுப் பதிவு. குடியிருக்கும் ஊர், நிலம் இருக்கும் ஊர், நிலப்பிரபு டவுன்ஷையர், மதிப்பு 40 ஷில்லிங். ‘உயிர்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘தான், மகன் ஜான், இளவரசர் வில்லியம் ஹென்றி’ என்று எழுதியிருக்கிறது.

பிறகு 1813 முதல் 1821 வரையான பதிவேட்டில் அதே ஊரில் ஒரு ஜான் இருக்கிறார். 1830-களில் தேடினால் யாருமே இல்லை.

மாமி மூன்று முடிவுக்கு வந்துவிட்டார். நாங்கள் நிலச்சுவான்தார் பரம்பரை. அரச குடும்பத்தோடு ஏதோ தொடர்பு இருந்திருக்கிறது. 1829, 1830 வாக்கில் கப்பல் ஏறிவிட்டார்கள். எனக்கு மூன்றிலும் சந்தேகம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_தாசில்தார்

அம்மா, எனக்கு முதல் வரியிலேயே இடிக்கிறது. நிலப்பிரபு டவுன்ஷையர் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் ஜேம்ஸ் குத்தகைக்காரர். குத்தகைக்காரரை எப்படி ‘ஃப்ரீஹோல்டர்’ என்று எழுதுவார்கள்? நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவரைத்தானே நில உரிமையாளர் என்று சொல்ல வேண்டும்? ஒன்று கட்டம் மாறிப் படித்திருக்கிறீர்கள், அல்லது அவர்கள் சட்டம் வேறு மாதிரி.

பெல்ஃபாஸ்ட்_மழை

சட்டம்தான் வேறு மாதிரி, சார். நான் இருப்பது பெல்ஃபாஸ்டில், அந்தக் காப்பகம் இருக்கும் டைட்டானிக் குவார்ட்டருக்குப் பக்கத்தில். விடுமுறை நாளில் பொழுதுபோக்கே அங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அங்கே குத்தகையில் இரண்டு சாதி. 21 வருஷம், 31 வருஷம் என்று காலக்கெடு போட்ட குத்தகை ஒன்று. எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் அது சட்டப்படி ஃப்ரீஹோல்டு ஆகாது, ஓட்டும் கிடையாது. இன்னொன்று ஆயுள் குத்தகை. குத்தகைப் பத்திரத்திலேயே பெரும்பாலும் மூன்று பேரின் பெயரை எழுதுவார்கள். அந்த மூவரில் கடைசி ஆள் சாகிற வரை குத்தகை செல்லும். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாதல்லவா, அதனாலேயே சட்டம் அதை ஃப்ரீஹோல்டு என்று ஏற்றுக்கொண்டது. கட்டுகிற குத்தகைப் பணம் போக அந்த நிலம் வருஷத்துக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு, பெறும் என்று சத்தியம் செய்து பதிந்தால் கௌன்டி தேர்தலில் ஓட்டு உண்டு.

ஆக, மாமியிடம் நிலச்சுவான்தார் கனவை மெதுவாக இறக்கி வையுங்கள். 40 ஷில்லிங் என்பது அந்தப் பதிவேட்டில் அடிமட்டம். அதற்கு மேலே 20 பவுண்டு, 50 பவுண்டு என்று வகைகள் உண்டு. கொஞ்சம் நிலத்தை உழுது, பக்கத்தில் தறியும் போட்டு லினன் நெய்த குடும்பங்கள் ஏராளமாக இந்த 40 ஷில்லிங் வரிசையில் இருக்கும்.

இளவரசர் விஷயம் இதைவிடச் சுவையானது. குத்தகை நீண்ட நாள் ஓட வேண்டுமானால் நீண்ட நாள் வாழக்கூடிய ஆட்களைப் பார்த்துப் பெயர் போட வேண்டும். அதனால் சின்னப் பிள்ளைகளை எழுதுவார்கள். அந்தக் காலத்தில் யார் உயிரோடு இருக்கிறார், யார் செத்தார் என்று நிரூபிப்பது பெரிய தலைவலி. ராஜா வீட்டுப் பிள்ளை செத்தால் ஊருக்கே தெரியும், நன்றாகச் சாப்பிட்டு நன்றாகவும் வாழ்வார்கள். ஆகவே மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகள் பெயர் அயர்லாந்துக் குத்தகைப் பத்திரங்களில் அங்கங்கே தட்டுப்படும். அந்த இளவரசருக்கு ஜேம்ஸ் என்று ஒருவர் இருந்ததே தெரிந்திருக்காது.

ஆனால் உங்களுக்கு அவர் பெரிய உதவி செய்திருக்கிறார். வில்லியம் ஹென்றி பிறந்தது 1765 ஆகஸ்ட். 1789 மே மாதம் அவருக்குக் கிளாரன்ஸ் கோமகன் பட்டம் கொடுத்தார்கள். பதிவேட்டில் வெறும் இளவரசர் என்றே இருப்பதால் குத்தகை எழுதப்பட்டது பெரும்பாலும் 1765-க்கும் 1789-க்கும் நடுவில். பெயர் போடப்படும் ஆள் குத்தகை எழுதும்போது உயிரோடு இருந்திருக்க வேண்டும், ஆகவே மகன் ஜான் அதற்குள் பிறந்துவிட்டான். ஓட்டுப் போட 21 வயது நிரம்ப வேண்டும் என்பதால் ஜேம்ஸ் 1769-க்குப் பிந்திப் பிறந்திருக்க முடியாது. ஞானஸ்நானப் பதிவே இல்லாத ஊரில் இவ்வளவு கிடைப்பது பெரிய விஷயம்.

டொராண்டோ_மருமகள்

பெல்ஃபாஸ்ட் அண்ணா, நன்றி. பதிவு செய்த தேதியும் குத்தகைத் தேதியும் வேறு வேறு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. 1790-ல் ஜான் கைக்குழந்தை என்று மாமி எழுதி வைத்திருக்கிறார்.

பெல்ஃபாஸ்ட்_மழை

கைக்குழந்தையாகவும் இருந்திருக்கலாம், 20 வயது வாலிபனாகவும் இருந்திருக்கலாம். மூலப் பத்திரம் கிடைத்தால் அதில் பிள்ளையின் வயது சில சமயம் எழுதியிருக்கும். பதிவேட்டில் அது வராது.

ஏட்டுச்சுவடி

நான் வரலாறு படித்தவள். அயர்லாந்து என் ஆய்வுப் பொருள் இல்லை, ஆனால் 19-ம் நூற்றாண்டுத் தேர்தல் சட்டங்களோடு கொஞ்சம் பழக்கம் உண்டு. மாமியின் மூன்றாவது முடிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள்.

1830-களில் பெயர் இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகாது. 1829-ல் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்காரலாம் என்று சட்டம் வந்தது. அதே கையோடு இன்னொரு சட்டமும் போட்டு, அயர்லாந்து கௌன்டிகளில் ஓட்டுரிமைக்கான அளவை 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டுக்கு ஏற்றிவிட்டார்கள். வாக்காளர் தொகை சுமார் 2,16,000-லிருந்து சுமார் 37,000-க்கு விழுந்தது. ஆறு பேரில் ஐந்து பேரின் பெயர் ஒரே அடியில் காணாமல் போயிற்று. அவர்கள் எல்லோரும் கப்பல் ஏறவில்லை, அதே வீட்டில் அதே உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு இருந்தார்கள். இந்தச் சட்டம் மதம் பார்க்கவில்லை. 40 ஷில்லிங் பிராட்டஸ்டன்ட் குடியானவருக்கும் ஓட்டுப் போனது.

அவர்கள் சொத்தும் எங்கும் போகவில்லை. உங்கள் குத்தகையையே பாருங்கள். மூன்று உயிரில் ஒன்றான வில்லியம் ஹென்றி 1830-ல் நான்காம் வில்லியம் என்று அரியணை ஏறி 1837-ல் இறந்தார். ஜேம்ஸும் ஜானும் முன்பே இறந்திருந்தாலும் அந்தக் குத்தகை 1837 வரை ஓடியிருக்கும்.

ஓய்வு_தாசில்தார்

அடடா. ராஜா செத்த அன்று டவுன்ஷையர் எஸ்டேட் குமாஸ்தா பேரேட்டைத் திறந்து எத்தனை குத்தகை தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டு இருந்திருப்பார்!

சரி, எனக்கு இன்னொரு சந்தேகம். குத்தகைக்காரனுக்கு ஓட்டு வருகிற மாதிரி பத்திரம் எழுதிக் கொடுப்பதில் பிரபுவுக்கு என்ன லாபம்? எங்கள் பக்கத்தில் மிராசுதார் யாரும் குத்தகைக்காரனுக்கு நீண்ட பிடிமானம் கொடுக்கவே மாட்டார்.

பெல்ஃபாஸ்ட்_மழை

லாபம் ஓட்டில்தான், சார். 1872 வரை ரகசிய வாக்கெடுப்பு கிடையாது. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று யாருக்கு ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குமாஸ்தா எழுதிக்கொள்வார். பிரபுவின் காரியஸ்தர் பக்கத்திலேயே நிற்பார். எத்தனை 40 ஷில்லிங் குத்தகைக்காரரோ அத்தனை ஓட்டு பிரபுவின் மடியில். அதனால் தேர்தல் நெருங்கும்போது ஆயுள் குத்தகைகள் மளமளவென்று முளைக்கும்.

டவுன் கௌன்டியின் 1790 தேர்தல் இதற்குப் பேர் போனது. இரண்டு இடம். ஒரு பக்கம் டவுன்ஷையரின் ஹில் குடும்பம், இன்னொரு பக்கம் மவுன்ட் ஸ்டூவர்ட்டின் ராபர்ட் ஸ்டூவர்ட். அவருக்கு அப்போதுதான் 21 வயது, பிற்பாடு காசில்ரே பிரபு என்று பெரிய அமைச்சர் ஆனவர். அவருடைய அப்பா 60,000 பவுண்டு செலவழித்தார் என்று சொல்வார்கள். வாரக்கணக்கில் வாக்குப்பதிவு நடந்து கடைசியில் ஆளுக்கு ஓர் இடம். உங்கள் ஜேம்ஸ் அதே வருஷம் பதிந்திருக்கிறார் என்றால் டவுன்ஷையர் ஆட்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிய வைத்ததாகத்தான் இருக்கும்.

இந்தப் பதிவேடுகள் இன்று நம் கைக்குக் கிடைப்பதற்கும் அந்தப் போட்டியே காரணம். அரசாங்கம் டப்ளினில் சேர்த்து வைத்த ஆவணங்கள் 1922 ஜூன் 30-ல் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தோடு எரிந்து சாம்பலாயின. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கு பெரும்பாலும் போயிற்று. 1861, 1871 கணக்கை அரசாங்கமே முன்பு அழித்திருந்தது, 1881, 1891 கணக்கு முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயிற்று. முழுதாகத் தப்பியவை 1901-ம் 1911-ம் தான். ஆனால் நிலப்பிரபுக்கள் யார் யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று பார்க்கத் தங்கள் மாளிகையிலேயே ஒரு பிரதி வைத்திருந்தார்கள். டவுன் பதிவேடுகளில் ஒரு பகுதி ஸ்டூவர்ட் குடும்பத்தின் எஸ்டேட் காகிதங்களோடு காப்பகத்துக்கு வந்ததுதான்.

ஏட்டுச்சுவடி

பெல்ஃபாஸ்ட்_மழை சொல்வதில் ஒன்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ‘ஓட்டு பிரபுவின் மடியில்’ என்று மொத்தமாக எழுதிவிட்டால் இந்த மனிதர்கள் வெறும் ஆட்டுமந்தை ஆகிவிடுகிறார்கள். 1826-ல் வாட்டர்ஃபோர்டில் பெரஸ்ஃபோர்டு குடும்பத்தின் குத்தகைக்காரர்களே பெரஸ்ஃபோர்டு வேட்பாளரைக் கவிழ்த்தார்கள். 1828-ல் கிளேரில் டேனியல் ஓ’கானலுக்கு 2,057 ஓட்டு, அவரை எதிர்த்த அமைச்சர் வீசி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 982. அத்தனை பேரும் பிரபுவின் கண்ணெதிரே, வெளியேற்றப்படுவோம் என்று தெரிந்தே, வாய்விட்டுச் சொன்ன ஓட்டு. அப்படித் துணிந்ததால்தான் அடுத்த வருஷமே 40 ஷில்லிங் ஓட்டைப் பறித்தார்கள்.

பெல்ஃபாஸ்ட்_மழை

மறுக்கவில்லை. ஆனால் அவை 1820-கள். பின்னால் கத்தோலிக்கச் சங்கம் இருந்தது, பாதிரியார்கள் இருந்தார்கள், வெளியேற்றப்பட்டவர்களுக்கு உதவ நிதியும் திரட்டினார்கள். 1790-ல் டவுன் கௌன்டியில் ஒரு 40 ஷில்லிங் குடியானவருக்கு அப்படி யார் இருந்தார்கள்? ஒரே ஊரில் ஒரே பிரபுவின் ஆட்கள் வரிசையாக ஒரே பக்கம் ஓட்டுப் போட்டிருந்தால் அதை வைத்து ‘எங்கள் முப்பாட்டன் இந்தக் கட்சிக்காரர்’ என்று எழுதக் கூடாது என்பதுதான் என் கட்சி. வரிசையில் ஒருவர் மட்டும் பிரபுவுக்கு எதிராகச் சொல்லியிருந்தால் அவரைப் பற்றி எழுதுங்கள், அது அவருடைய சொந்த ஓட்டு.

ஏட்டுச்சுவடி

வரிசையோடு போனவரும் மனமார அப்படி நினைத்திருக்கலாம். உல்ஸ்டரில் (டவுன் கௌன்டி இருக்கும் வடக்கு மாகாணம்) பிரபுவும் குடியானவரும் ஒரே பக்கம் இருந்த இடங்களும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடலாம், மந்தை என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெல்ஃபாஸ்ட்_மழை

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

பெரம்பூர்_ரயில்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம், ரயில்வே காலனியில் வளர்ந்தவர்கள். என் பாட்டியின் பாட்டனார் டைரோனில் இருந்து கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் வந்தவர் என்று வீட்டுப் பைபிளில் இருக்கிறது. 1840-கள். அவரையும் இந்தப் பதிவேட்டில் தேடலாமா?

பெல்ஃபாஸ்ட்_மழை

தேடலாம், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள். பட்டாளத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நிலமில்லாத கூலிக்காரர்கள், நெசவாளர்கள், கடைசிப் பிள்ளைகள். 1829-க்குப் பிறகு 10 பவுண்டு பிடி இருந்தவனுக்கு மெட்ராஸ் வெயிலில் வந்து சாக வேண்டிய அவசியம் இல்லை. அவருடைய அப்பாவோ தாத்தாவோ 1829-க்கு முந்தைய பட்டியலில் இருக்கலாம், ஆனால் அதற்கு ஊர்ப்பெயர் தெரிய வேண்டும்.

முதலில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பிடியுங்கள். கம்பெனிச் சிப்பாய் சேர்ந்தபோது எழுதிய பதிவுகளில் பிறந்த கௌன்டி, பேரிஷ் (தேவாலயப் பங்கு), பார்த்த தொழில் எல்லாம் வரும். மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட் என்றால் அதுதான் பின்னால் ராயல் மெட்ராஸ் ஃபுசிலியர்ஸ், 1881-ல் ராயல் டப்ளின் ஃபுசிலியர்ஸின் முதல் பட்டாலியன். பேரிஷ் கிடைத்த பிறகு அயர்லாந்துப் பக்கம் வாருங்கள். கௌன்டி பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள்.

பெரம்பூர்_ரயில்

புரிகிறது. மதத்தைப் பற்றி ஒரு கேள்வி. நாங்கள் கத்தோலிக்கர்கள். அது தேடலைப் பாதிக்குமா?

ஏட்டுச்சுவடி

நன்றாகவே பாதிக்கும். 1728 முதல் 1793 வரை அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கு ஓட்டே இல்லை. 1704-க்குப் பிறகு 31 வருஷத்துக்கு மேல் குத்தகையும் எடுக்க முடியாது, அதாவது ஆயுள் குத்தகையே கிடையாது. அந்தத் தடை 1778-ல் தளர்ந்தது. அதனால் 1793-க்கு முந்தைய பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் அவர் அப்போது சட்டத்தின் கண்ணில் பிராட்டஸ்டன்ட். டவுன், ஆன்ட்ரிம் பக்கம் பிரெஸ்பிடீரியனாக (பிராட்டஸ்டன்டில் ஒரு பிரிவு) இருக்க வாய்ப்பு அதிகம். 1793-க்குப் பிறகு கத்தோலிக்கப் பெயர்கள் பட்டியலில் வந்து நிறையும். ஒரே ஊரின் இரண்டு காலத்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும். டொராண்டோ_மருமகளின் ஜேம்ஸ் 1790-ல் இருக்கிறார், அவருடைய தேவாலயத்தை எந்தப் பக்கம் தேடுவது என்பதற்கு அதுவே விடை.

பெண்கள் பெயர் வாக்காளராக எந்தக் காலத்திலும் இந்தப் பட்டியலில் வராது. விதவை நிலத்தை வைத்திருந்தாலும் ஓட்டு இல்லை.

டொராண்டோ_மருமகள்

நேற்று இரவு மாமியோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கையெழுத்து அழகுதான், ஆனால் பெயரையெல்லாம் பாதியில் வெட்டி மேலே குட்டி எழுத்து போட்டிருக்கிறார்கள். பிரபு பெயருக்குக் கீழே முழுக்க ‘மேற்படி, மேற்படி’ குறிதான். எங்கள் வரிக்கு நேரே இருப்பதும் மேற்படிதான், மேலே ஏறிப் போய்ப் பார்த்தால் டவுன்ஷையர். இன்னொன்று, எங்கள் ஊர்ப் பெயர் 1790-ல் ஒரு விதமாகவும் 1813-ல் வேறு விதமாகவும் எழுதியிருக்கிறது. அது அதே ஊர்தானா?

பெல்ஃபாஸ்ட்_மழை

மேற்படி ஏறிப் போகும்போது பக்கம் மாறுகிற இடத்தில் கவனமாக இருங்கள். முந்தைய பக்கத்தின் கடைசிப் பெயரைத்தான் அது குறிக்கும், தேடுபொறியில் தட்டச்சு செய்தவர்கள் அங்கே தடுமாறியிருக்கலாம். அதனால்தான் படத்தைப் பார்க்காமல் தேடல் முடிவை மட்டும் நம்பக் கூடாது.

ஊர் என்று நீங்கள் சொல்வது டவுன்லேண்ட். அயர்லாந்து முழுக்க 60,000-க்கு மேல் இருக்கிறது. பல டவுன்லேண்டு சேர்ந்தால் பேரிஷ், பல பேரிஷ் சேர்ந்தால் பாரனி. எழுத்துக்கூட்டல் ஓரளவு நிலைத்தது 1824-க்குப் பிறகு நில அளவைக்காரர்கள் வந்து வரைபடம் போட்டபோதுதான். அதற்கு முன்னால் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதுவார். ‘பாலி’ என்று தொடங்கும் ஊர் டவுன் கௌன்டியில் கொட்டிக் கிடக்கிறது. பாரனி பெயர் ஒன்றாக இருக்கிறதா, பக்கத்து வரிகளில் இருக்கும் அண்டை வீட்டார் பெயர்கள் இரண்டு பட்டியலிலும் பொருந்துகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். எழுத்துக்கூட்டலைவிட அண்டை வீட்டார்தான் நம்பகமான சாட்சி.

ஓய்வு_தாசில்தார்

இது எங்கள் வேலைக்கும் பொருந்தும். எல்லைத் தகராறில் பத்திரத்தை விட நான்கு மால்காரர் யார் என்பதுதான் பேசும்.

அம்மா, 1830-களில் ஓட்டுப் பட்டியல் உதவாது என்று ஆகிவிட்டது. அப்புறம் எதில் தேடுவது? வரிக் கணக்கு ஏதாவது இருக்க வேண்டுமே. அரசாங்கம் ஓட்டைப் பிடுங்கும், வரியை விடாது.

ஏட்டுச்சுவடி

இருக்கிறது, ஐயா. டைத் என்ற தேவாலய வரிக்காக 1823 முதல் 1837 வரை போட்ட கணக்குப் புத்தகங்கள். நிலம் வைத்திருந்தவர் எந்த மதமானாலும் சர்ச் ஆஃப் அயர்லாந்து என்ற அரசு பிராட்டஸ்டன்ட் சபைக்கு அதைக் கட்ட வேண்டும். டவுன்லேண்டு வாரியாகப் பெயரும் ஏக்கரும் இருக்கும், ஓட்டு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. அதற்குப் பிறகு, ஏழைவரி போடுவதற்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டு 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிஃபித் மதிப்பீடு. அதில் விதவைகளும் வருவார்கள். 1850-ல் அந்த ஏழைவரி மதிப்பை வைத்தே ஓட்டுரிமையை மாற்றினார்கள், கௌன்டியில் 12 பவுண்டு. வாக்காளர் தொகை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. ஆகவே ஒரு குடும்பம் 1821-ல் இருந்து, 1830-ல் மறைந்து, 1851-ல் மறுபடி தோன்றினால் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள் என்று கதை கட்டாதீர்கள்.

டொராண்டோ_மருமகள்

டைத் புத்தகத்தில் அந்தப் பேரிஷைப் பார்த்தோம். ஜான் இருக்கிறார்! அதுவும் ஒரே டவுன்லேண்டில் இரண்டு ஜான். ஒருவர் 11 ஏக்கர், ஒருவர் 4 ஏக்கர். கிரிஃபித்தில் அந்தக் குடும்பப் பெயரில் ஒருவர்கூட இல்லை. ஆக, 1829-ல் போகவில்லை, அதற்குப் பிறகுதான் போயிருக்கிறார்கள். மாமிக்கு இளவரசர் போன வருத்தத்தை விட இரண்டாவது ஜான் வந்த குழப்பம் பெரிதாகிவிட்டது. அப்பாவும் மகனுமா, சித்தப்பா பிள்ளையா?

பெல்ஃபாஸ்ட்_மழை

உல்ஸ்டரில் மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரையும் இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயரையும் வைக்கிற வழக்கம் பரவலாக இருந்தது. ஜேம்ஸின் அப்பா பெயரும் ஜான் என்றால், ஜேம்ஸின் ஒவ்வொரு தம்பி வீட்டிலும் ஒரு ஜான் இருப்பான். அதனால் பெயரை வைத்துத் தீர்க்க முடியாது, பத்திரம்தான் வேண்டும்.

டப்ளினில் 1708 முதல் பத்திரப் பதிவகம் இருக்கிறது, ஆனால் 40 ஷில்லிங் குத்தகையைச் செலவு செய்து யாரும் அங்கே பதிந்திருக்க மாட்டார்கள். டவுன்ஷையர் எஸ்டேட் காகிதங்கள் இங்கே காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. குத்தகைப் பத்திரமும் வாடகைப் பேரேடும் டவுன்லேண்டு வாரியாக இருந்தால் மூன்று உயிரின் வயதும், 1837-க்குப் பிறகு யார் பெயரில் புதுப்பித்தார்கள் என்பதும் தெரியலாம். டவுன்லேண்டு பெயரையும் பாரனியையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், வாசிப்பறைக்குப் போகும்போது அட்டவணையைப் புரட்டிப் பார்க்கிறேன். குடும்பப் பெயரும் வேண்டும், உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

டொராண்டோ_மருமகள்

கேட்டாயிற்று, சரி என்றுவிட்டார். அனுப்பிவிட்டேன், அண்ணா. 4 ஏக்கர் ஜான்தான் எங்கள் ஆள் என்று மாமி இப்போதே பந்தயம் கட்டுகிறார். 11 ஏக்கர் இருந்தவன் எதற்குக் கப்பல் ஏறுகிறான் என்பது அவருடைய வாதம்.

ஓய்வு_தாசில்தார்

11 ஏக்கரை விற்றுத்தானே அம்மா கப்பல் கூலி கட்ட முடியும்? நான் 11 ஏக்கர்க்காரர் பக்கம்.